கொடியின் முன் கடவுள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசுப் பள்ளிகளின் காலைக் கூட்டங்களில் மதச் சொற்களுக்கு இடம் இருக்கலாமா என்ற கேள்விக்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அமெரிக்கப் பள்ளிகளில் நாள்தோறும் சொல்லப்படும், 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் அடங்கிய கொடி உறுதிமொழியைப் பற்றியவை. இந்த முறை அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் தினமும் காலையில் மார்பில் கைவைத்துக் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்கிறாள். "அதில் வரும் கடவுள் நம் முருகனா, வேறு யாராவதா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? அவள் அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

இரண்டாவது கேள்விக்குத் திட்டவட்டமான பதில் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1943-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியத்துக்கு எதிராக பார்னெட் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், எந்தப் பள்ளி மாணவரையும் கொடிக்கு வணக்கம் செலுத்தவோ உறுதிமொழி சொல்லவோ வற்புறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலிலோ, நாட்டுப்பற்றிலோ, மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்கும் அதிகாரம் பெரியவரோ சிறியவரோ எந்த அதிகாரிக்கும் இல்லை என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதியதை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அந்தத் தீர்ப்பு எளிதில் வந்துவிடவில்லை. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1940-இல், பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில் கொடியை வணங்க மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு குழந்தைகளின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. நாட்டின் ஒற்றுமையே நாட்டின் பாதுகாப்புக்கு அடிப்படை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அக்குழந்தைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளுக்கு மட்டுமே உரிய வணக்கத்தை ஒரு துணிக்குச் செலுத்த மாட்டோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. தீர்ப்பு வந்த சில வாரங்களுக்குள் நாட்டின் பல பகுதிகளில் அப்பிரிவினர் கும்பல்களால் தாக்கப்பட்டார்கள்; மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய கூடம் தீக்கிரையானது. 1940-இல் பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதிகளில் மூவர், இரண்டே ஆண்டுகளில் வேறொரு வழக்கில், தாங்கள் தவறிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்கள். போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் ஒரு நீதிமன்றம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்பதுதான் 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தனிச்சிறப்பு.

ஆனால், உங்கள் மாநிலத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. டெக்சஸ் சட்டப்படி பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மாணவருக்கு விலக்கு அளிக்கப்படும். மாணவர் தாமாகவே மறுப்பதற்கு அந்தச் சட்டம் வழி சொல்லவில்லை. இதே போன்ற ஃபுளோரிடா சட்டத்தை 2008-இல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் உரிமை என்ற அடிப்படையில் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு சிறு கடிதம் எழுதி, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுத வேண்டிய தேவை இல்லை. அங்கே மாநிலக் கொடிக்கென்று இன்னொரு உறுதிமொழியும் உண்டு என்பதால், இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மாநில உறுதிமொழியிலும் 2007-ஆம் ஆண்டில் கடவுளைச் சேர்த்துவிட்டார்கள்.

இனி உங்கள் மகளின் கேள்வி. எட்டு வயதுக் குழந்தை கேட்டது, பல நீதிபதிகள் கேட்காமல் கடந்துபோன கேள்வி. அது எந்தக் கடவுள் என்று அரசு சொல்வதில்லை. சொன்னால் ஒரு மதத்தின் பக்கம் சாய்ந்ததாகிவிடும். சொல்லாமல் விட்டாலோ, பெரும்பான்மையோர் எந்தக் கடவுளை நினைக்கிறார்களோ அவரையே அந்தச் சொல் குறிக்கிறது என்பது வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். முருகன் என்று சொல்லிக் கொடுப்பதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் வீட்டு விஷயம். எந்தப் பதிலானாலும் அதை வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டுமே தவிர, வகுப்பாசிரியர் சொல்லக் கூடாது என்பது மட்டும் என் கருத்து.

கேள்வி: அமெரிக்கா கிறிஸ்தவர்கள் நிறுவிய நாடு. அந்த உறுதிமொழியைத் தொடக்கத்தில் எழுதியவரே ஒரு பாதிரியார் என்று படித்தேன். பிறகு கடவுள் பெயர் இருப்பதில் வியப்பென்ன? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

எழுதியவர் பாதிரியார் என்பது சரி. அவர் எழுதியதில் கடவுள் இல்லை என்பதுதான் வியப்பு. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த போதகரும் கிறிஸ்தவ சோஷலிசவாதியுமான ஃபிரான்சிஸ் பெல்லமி, கொலம்பஸ் வந்து நானூறு ஆண்டுகள் ஆனதைப் பள்ளிகள் கொண்டாடுவதற்காக 1892 செப்டம்பரில் பாஸ்டனிலிருந்து வெளிவந்த ஓர் இளைஞர் இதழில் அதை வெளியிட்டார். என் கொடிக்கும், அது குறிக்கும் குடியரசுக்கும், அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் வழங்கும் பிரிக்க முடியாத ஒரே நாட்டுக்கும் பற்றுறுதி அளிக்கிறேன் என்ற அளவோடு அது முடிந்தது. மதப் போதனையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், நாட்டுக்கான உறுதிமொழி எழுத உட்கார்ந்தபோது கடவுளைக் குறிப்பிட வேண்டும் என்று நினைக்கவில்லை.

அதன்பின் அறுபத்திரண்டு ஆண்டுகள், இரண்டு உலகப் போர்கள் உட்பட, அமெரிக்கக் குழந்தைகள் கடவுள் பெயர் இல்லாமலேயே அதைச் சொன்னார்கள். இடையில் 1920-களில் 'என் கொடி' என்பது 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' என்று மாற்றப்பட்டது. வந்தேறிகளின் குழந்தைகள் மனத்துக்குள் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துவிடக் கூடாதாம். கையை நீட்டி வணங்கும் பழைய முறை ஹிட்லர் வணக்கத்தை ஒத்திருந்ததால் 1942-இன் இறுதியில் கைவிடப்பட்டு, மார்பில் கைவைக்கும் முறை வந்தது. ஆக, சடங்கு என்பது காலங்காலமாக மாறாமல் வந்த ஒன்று அன்று.

'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் பனிப்போரின் குழந்தை. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு 1951 முதல் தன் கூட்டங்களில் அச்சொற்களைச் சேர்த்துச் சொல்லி வந்தது. 1954 பிப்ரவரி 7-ஆம் நாள், வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் வழிபட்டு வந்த பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில், அதிபர் ஐசனோவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் டாகர்ட்டி என்ற போதகர் பிரசங்கம் செய்தார். இந்த உறுதிமொழியை மாஸ்கோவின் குழந்தைகளும் தங்கள் அரிவாள் சுத்தியல் கொடியின் முன் அப்படியே சொல்லலாமே, நம்மை அவர்களிடமிருந்து வேறுபடுத்தும் சொல் எங்கே என்பது அவர் வாதம். நான்கு மாதங்களில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஜூன் 14, கொடி நாளன்று, ஐசனோவர் கையெழுத்திட்டார். இன்று முதல் நம் பள்ளிக் குழந்தைகள் லட்சக்கணக்கானோர் ஒவ்வொரு நகரத்திலும் சிற்றூரிலும் நாட்டை எல்லாம் வல்லவருக்கு அர்ப்பணிப்பதை நாள்தோறும் பறைசாற்றுவார்கள் என்பது அன்று அவர் விடுத்த அறிக்கையின் சாரம். இந்த அறிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு வேண்டியிருக்கிறது.

கேள்வி: அது வெறும் சம்பிரதாயச் சொல் என்று அமெரிக்க நீதிமன்றங்களே சொல்லிவிட்ட பின்பும் ஏன் இந்தச் சர்ச்சை? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பாகச் சொன்னதில்லை. நீதிபதிகள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததைப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பகுதியில், மருத்துவரும் சட்டம் படித்தவருமான மைக்கேல் நியூடவ் என்ற நாத்திகர், தன் மகள் படித்த எல்க் குரோவ் பள்ளி மாவட்டத்தின் மீது 2000-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால், அரசிடம் ஊதியம் பெறும் ஆசிரியர், அரசுப் பள்ளியில், கடவுள் ஒருவர் உண்டென்று வகுப்பை நடத்திச் சொல்ல வைக்கும்போது, தன் தந்தை நம்புவது தவறு என்று அரசு நாள்தோறும் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டிருக்க நேர்கிறது என்பது அவர் வாதம். 2002 ஜூன் 26-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்றது. தீர்ப்பை எழுதிய ஆல்ஃபிரட் குட்வின், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். நாடே கொதித்தது. அன்றே செனட் 99-க்கு 0 என்ற கணக்கில் தீர்ப்பைக் கண்டித்தது. மக்களவை உறுப்பினர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டில் கூடி நின்று உறுதிமொழியை உரக்கச் சொன்னார்கள்.

2004 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நியூடவ் தானே வாதாடினார். 1954-இல் இந்தச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கேட்க, யாரும் எதிர்க்கவில்லை என்றார் நியூடவ். அப்படியென்றால் இது பிளவுபடுத்தும் விஷயமாகத் தெரியவில்லையே என்றார் தலைமை நீதிபதி. நாத்திகர் எவரும் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பதுதான் காரணம் என்று நியூடவ் பதில் சொன்னபோது, அந்த மன்றத்தில் வழக்கமே இல்லாத கைதட்டல் எழுந்தது. மீண்டும் தட்டினால் அரங்கைக் காலி செய்ய வைப்பேன் என்று தலைமை நீதிபதி எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஜூன் 14-ஆம் நாள், அச்சொற்கள் சேர்க்கப்பட்டுச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், தீர்ப்பு வந்தது. மகளின் சார்பில் வழக்காட இந்தத் தந்தைக்குத் தகுதி இல்லை, தாயின் முடிவே சட்டப்படி மேலோங்குகிறது என்று கூறி, மையக் கேள்வியைத் தொடாமலே ஐந்து நீதிபதிகள் வழக்கை முடித்தார்கள்.

தனித் தீர்ப்பு எழுதிய மற்ற மூவர்தான் மையக் கேள்வியைத் தொட்டார்கள், மூவரும் மூன்று வழியில். இது நாட்டுப்பற்றுச் செயல், வழிபாடு அன்று என்றார் ரென்குவிஸ்ட். நீண்ட நாள் பழக்கத்தால் மதக் கூர்மை மழுங்கிப்போன சடங்குச் சொல் என்றார் சான்ட்ரா டே ஓகானர். உங்கள் கேள்வியில் உள்ள 'சம்பிரதாயம்' இங்கிருந்து வந்ததுதான். மூன்றாமவரான கிளாரன்ஸ் தாமஸ்தான் என்னைப் பொறுத்தவரை நேர்மையாகப் பேசினார். 1992-இல் ரோட் ஐலண்ட் மாநிலப் பள்ளி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் யூத குரு செய்த பிரார்த்தனையையே, மாணவர் மீது மறைமுக நெருக்குதல் என்று இதே நீதிமன்றம் தடுத்திருக்கிறது. அந்த முன்தீர்ப்பின்படி பார்த்தால் இந்த உறுதிமொழியும் செல்லாது. ஆனால் அந்த முன்தீர்ப்பே தவறு என்று நான் கருதுகிறேன் என்று அவர் எழுதினார். அவருடைய முடிவோடு நான் உடன்படவில்லை. ஆனால் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்று நடிக்காமல் அவர் வாதிட்டார்.

மழுங்கிப்போன சொல் என்ற வாதத்தில்தான் என் குறை. ஐசனோவர் 1954-இல் சொன்னது என்ன? நாட்டை எல்லாம் வல்லவருக்கு அர்ப்பணிப்பது. அந்த நோக்கத்தோடு சேர்க்கப்பட்ட சொல்லுக்கு, வழக்கு வந்ததும் பொருள் இல்லாமல் போய்விடுவது எப்படி? அப்படியே பொருள் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும், நாத்திகரை விட அதிகமாக வருந்த வேண்டியவர் பக்தரே. இந்த வழக்கில் கிறிஸ்தவ, யூத மதகுருக்கள் சிலர் தாக்கல் செய்த மனுவில் இதைத்தான் சொன்னார்கள்: மனமில்லாமல் சொல்ல வைத்தால், கர்த்தரின் பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளையை மீறும்படி அரசே குழந்தைகளைத் தூண்டுவதாகும் என்று. பொருளோடு சொன்னால் அரசு மதம் பேசுகிறது. பொருளில்லாமல் சொன்னால் மதம் அவமதிக்கப்படுகிறது. இதற்கு நடுவில் ஒரு மூன்றாவது இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விருப்பமில்லாதவர் பேசாமல் நிற்கலாம் என்ற உரிமை இருக்கும்போது, அரசு நடுநிலை தவறியதாக எப்படிச் சொல்ல முடியும்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, நாற்பது குழந்தைகள் எழுந்து நிற்க, ஒரு குழந்தை மட்டும் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். பேசாமல் இருக்கும் உரிமை அந்தக் குழந்தையின் வாயைக் காக்கிறது. அரசு தன் வாயால் என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. 1962-இல், நியூயார்க் மாநில அதிகாரிகள் தாங்களே இருபத்திரண்டு சொற்களில் எழுதிக் கொடுத்த ஒரு பொதுப் பிரார்த்தனையை உச்ச நீதிமன்றம் தடை செய்தபோது, அங்கும் விருப்பமில்லாதவர் வெளியேறலாம் என்ற விதி இருந்தது. அது எந்தப் பிரிவையும் குறிப்பிடாத பிரார்த்தனையும் கூட. இரண்டுமே அதைக் காப்பாற்றவில்லை. பிரார்த்தனை எழுதுவது அரசின் வேலை இல்லை என்பதே காரணம். உறுதிமொழியைப் பிரார்த்தனைக்கு இணையாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இரண்டு சொல்லுக்கும் இருபத்திரண்டு சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வேறுபாடு அளவில்தான் இருக்கிறது.

கேள்வி: டாலர் நோட்டில் கூடக் கடவுளை நம்புகிறோம் என்று அச்சிட்டிருக்கிறார்களே? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

நாணயங்களில் அந்த வாசகம் 1864-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே வந்துவிட்டது. நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமானது 1956-இல், காகித நோட்டுகளில் ஏறியது 1957-இல். கடைக்காரரிடம் நோட்டை நீட்டும்போது யாரும் அதைப் படித்துக் காட்டச் சொல்வதில்லை. அதனால் அதைக் குழந்தைகளின் உறுதிமொழியோடு ஒப்பிட மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவைப் பேசுவது இருக்கட்டும். நம் நாட்டில் நிலை என்ன? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

இரண்டுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத கேரளத்தில், 1985 ஜூலையில், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாத மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகளே. கேரள உயர் நீதிமன்றம் கைவிட்ட வழக்கை, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அடங்கிய அமர்வு ஏற்று, குழந்தைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நிற்பதே மரியாதை என்றது தீர்ப்பு. மைனர்ஸ்வில் வழக்கையும் பார்னெட் வழக்கையும் அந்தத் தீர்ப்பு எடுத்து ஆராய்கிறது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று அது முடிகிறது.

கடவுளைச் சேர்ப்பதா என்ற கேள்வியையும் நாம் ஒருமுறை நேராகச் சந்தித்தோம். 1949 அக்டோபர் 17-இல், அரசமைப்பின் முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் அரசமைப்பு அவையில் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரித்தார்கள், 68 பேர் எதிர்த்தார்கள், திருத்தம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பலர் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உடையவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளில் சொல்லப்படும் தேசிய உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதிய பைடிமர்ரி வெங்கட சுப்பாராவும் கடவுளைச் சேர்க்கவில்லை. இதனால் நம் பள்ளிகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சரஸ்வதி பூசை நடக்காத அரசு அலுவலகத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

கேள்வி: அந்தச் சொற்கள் என்றாவது நீக்கப்படுமா? (ஒரு வாசகர், நியூஜெர்சி)

நீக்கப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நியூடவ் தொடுத்த அடுத்த வழக்கில் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2010-இல் எதிர்த் தீர்ப்பு அளித்தது. டெக்சஸ் மாநில உறுதிமொழியை எதிர்த்த வழக்கும் அதே ஆண்டில் தோற்றது. மதச் சுதந்திர வாதத்தை விட்டுச் சம உரிமை வாதத்தைக் கையில் எடுத்த மாசசூசெட்ஸ் குடும்பத்தினரும் 2014-இல் அம்மாநில உயர் மன்றத்தில் தோற்றார்கள். 2022-இல், மைதானத்தில் பிரார்த்தனை செய்த அரசுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், அரசு நடுநிலையை அளக்க அதுவரை இருந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிட்டு, வரலாற்றையும் மரபையும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிவிட்டது. எழுபது ஆண்டுகளாகச் சொல்லப்படுவதே மரபு என்று ஆகிவிட்டால், 1954-க்கு முந்தைய அறுபத்திரண்டு ஆண்டுகளை யாரும் எண்ணப் போவதில்லை.

இனிப் போராட்டம் உறுதிமொழியில் இல்லை, சுவரில்தான். பத்துக் கட்டளைகளை வகுப்பறையில் மாட்ட வைத்த கென்டக்கி சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980-இல் செல்லாது என்றது. அப்படியிருந்தும் 2024-இல் லூசியானாவும் 2025-இல் டெக்சஸும் அதே வகைச் சட்டங்களை இயற்றின. இரண்டுமே வழக்கில் சிக்கின. முதல் கேள்வியைக் கேட்ட டெக்சஸ் வாசகி இதையும் தெரிந்துகொள்வது நல்லது. உறுதிமொழியிலிருந்து விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுக்கலாம். சுவரில் மாட்டியதைப் பார்க்காமலிருக்க விலக்கு வாங்கும் கடிதம் எதுவும் இல்லை.